‘அய’ என்றால் எண்பது

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. அக்கா மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜோர்ஜ்டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் நிரல் எழுதப் படிக்கத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மென்பொருள் வேலை பார்க்கும் மாமா ஒருவர் தனக்கு இருக்கிறார் என்பது இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

“மாமா, ஒரு சின்னப் பயிற்சி. ராத்திரி பன்னிரண்டுக்குள்ள அனுப்பணும். 1-லேருந்து 3999 வரைக்கும் எந்த எண் கொடுத்தாலும் ரோமன் எண்ணா மாத்திக் காட்டணும். 3 வரைக்கும் நல்லா வருது. 4-ல போய் மாட்டிக்குது.”

திறந்து பார்த்தேன். தொண்ணூறு வரிகளுக்கு மேல் இருந்தது. 4 என்றால் இப்படி, 9 என்றால் இப்படி, 14 என்றால் இப்படி, 19 என்றால் இப்படி என்று ஒவ்வோர் இடக்குக்கும் ஒரு நிபந்தனை எழுதி வைத்திருந்தான். 49 வரை வந்து மூச்சு வாங்கி நின்றிருந்தான்.

நிரல் கற்பவர்களுக்கு உலகம் முழுவதும் கொடுக்கப்படும் பயிற்சி இது. பார்க்க எளிது. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் எழுத்து, அவ்வளவுதான். ஆனால் யோசிக்காமல் கை வைத்தால் இவனைப் போலத் தொண்ணூறு வரி எழுதினாலும் முடியாது. யோசித்தால் பத்து வரியில் முடிந்துவிடும். அதனால்தான் ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும்.

ரோமன் எண்ணுக்கு ஏழே எழுத்துகள். ஐ என்றால் 1. வி 5. எக்ஸ் 10. எல் 50. சி 100. டி 500. எம் 1000. பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எழுதிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 3-க்கு மூன்று ஐ. 8-க்கு ஒரு வி, மூன்று ஐ. ஒரே எழுத்து நான்கு முறை வரும் நிலை வந்தால் மட்டும், பெரிய எழுத்துக்கு முன்னால் சிறிய எழுத்தைப் போட்டுக் கழிக்க வேண்டும். 4 என்பது ஐ-வி, அதாவது ஐந்துக்கு ஒன்று குறைவு. 90 என்பது எக்ஸ்-சி, நூற்றுக்குப் பத்து குறைவு.

“நம்ம வீட்டுக் கடிகாரத்துல நாலு கோடு போட்டிருக்கே மாமா?” என்று சுவரைக் காட்டினான்.

நல்ல கேள்விதான். பல கடிகாரங்களில் 4-க்கு நான்கு ஐ போடுவது பழைய வழக்கம். ரோமானியர்களே இதில் கண்டிப்பாக இருக்கவில்லை. ரோம் நகரத்தின் கொலோசியம் அரங்க வாசல்களில் எண்கள் செதுக்கியிருக்கிறார்கள். அதில் 44-ஆம் வாசலில் நாற்பதைக் கழித்து எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே நான்கை நான்கு கோடாகப் போட்டிருக்கிறார்கள். ஒரே எண்ணுக்குள் இரண்டு வழக்கம். நாம் பள்ளியில் படிக்கும் கண்டிப்பான விதி பிற்காலத்தில் இறுகியது.

“லெபோ லைட்டும் லெபோ பந்தாயும் சேர்ற முனையில மணிக்கூண்டு இருக்குல்ல, எத்தனை அடி தெரியுமா?” என்றேன்.

தெரியவில்லை. 60 அடி. விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு நிறைந்த 1897-இல், சியா சென் யோக் என்ற பினாங்குச் செல்வந்தர் கட்டிக்கொடுக்க முன்வந்தது. ஓர் ஆண்டுக்கு ஓர் அடி. 1902-இல் கட்டி முடித்தார்கள். அதற்குள் மகாராணி காலமாகிவிட்டார்.

எண்ணை எழுதுவதில் ஆகப் பழைய முறை அதுதான். ஒன்றுக்கு ஒன்று. பால்காரர் சுவரில் கரிக்கோடு போடுவதும் அதே முறை. 60-க்கு 60 கோடு போட்டால் எண்ணி மாளாது என்பதால்தான் ஐந்துக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி என்று ரோமன் முறை வந்தது. 60 அடியை அது எல்-எக்ஸ் என்று இரண்டே எழுத்தில் முடித்துவிடும்.

“சரி மாமா, நிரலுக்கு வாங்க,” என்றான். மணி எட்டாகியிருந்தது.

அவன் வார இறுதியில் ஒரு மினி மார்க்கெட்டில் காசாளர் வேலை பார்க்கிறான். அங்கிருந்தே தொடங்கினேன். “ஒருத்தருக்கு 87 வெள்ளி மீதி கொடுக்கணும். எப்படிக் கொடுப்ப?”

“அம்பது ஒண்ணு, இருபது ஒண்ணு, பத்து ஒண்ணு, அஞ்சு ஒண்ணு, ஒரு வெள்ளி ரெண்டு.”

“எப்படி யோசிச்ச?”

“யோசிக்கல. பெரிய நோட்டுலேருந்து எடுத்துட்டு வருவேன். நூறு போகாது. அம்பது போகும், மீதி 37. இருபது போகும், மீதி 17. அப்படியே கீழ.”

“அதையே எழுது.”

அவனுக்குப் பாதி புரிந்தது. கல்லாப் பெட்டியில் 1000, 500, 100, 50, 10, 5, 1 என்று ஏழு அறை. ஒவ்வோர் அறையிலும், அந்த நோட்டு போகும் வரை எடுத்துக்கொண்டே இரு, போகவில்லை என்றால் அடுத்த அறைக்கு இறங்கு. இப்படி எழுதினால் 87-க்கு எல், மூன்று எக்ஸ், ஒரு வி, இரண்டு ஐ சரியாக வரும். ஆனால் 4-க்கு நான்கு ஐ வரும். மறுபடியும் ‘4 என்றால்’ என்று நிபந்தனை எழுதக் கையைக் கொண்டுபோனான்.

“நிபந்தனை வேணாம். கல்லாவுல நாலு வெள்ளி நோட்டு ஒண்ணு இருக்குன்னு வச்சுக்க.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே எழுதத் தொடங்கினான். நான்கு வெள்ளி நோட்டு, ஒன்பது வெள்ளி நோட்டு, நாற்பது, தொண்ணூறு, நானூறு, தொள்ளாயிரம். ஆறு புது அறைகள். மொத்தம் 13. 1000-க்கு அடுத்து 900, அதற்கடுத்து 500, பிறகு 400, 100, 90, 50, 40, 10, 9, 5, 4, 1. ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் அதற்குரிய எழுத்து. விதிவிலக்கு என்று தனியாக எதுவும் இல்லை. தொண்ணூறு வரி போய்ப் பத்து வரி ஆயிற்று.

என் இருபத்தைந்து வருட வேலையில் நான் திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டது இதைத்தான். விதிவிலக்குகள் கூடக்கூட நிபந்தனை எழுதிக்கொண்டே போகாதே. அவற்றையும் அட்டவணையில் ஒரு வரியாக உட்கார வைக்க முடியுமா என்று பார். நிரல் சிறுக்கும், பிழையும் குறையும்.

சோதித்துப் பார்த்தோம். பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய 1786-ஐப் போட்டான். பத்து எழுத்து வந்தது. மலாயா விடுதலை பெற்ற 1957-க்கு ஏழு எழுத்து. யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த 2008-க்கு ஆறு எழுத்து. எதில் அதிகம் என்று தேடிப் பார்த்தான். 3888-க்குப் பதினைந்து எழுத்து. 0 போட்டால் எதுவும் வரவில்லை. அதுவும் சரிதான், ரோமன் முறையில் சுழியத்துக்குக் குறியே கிடையாது.

அனுப்பியாகிவிட்டது. மணி பத்து. ஆனாலும் அவனுக்கு ஒரு குறை.

“இருந்தாலும் மாமா, தொண்ணூறுக்கு நூறுலேருந்து பின்னால வர்றது என்ன புத்தி? நேரா எழுத வேண்டியதுதானே?”

“நீ என்ன சொன்ன இப்ப? திரும்பச் சொல்லு.”

“தொண்ணூறு.”

“அதுக்குள்ள என்ன இருக்கு?”

வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். “நூறு இருக்கு!”

நம் வாயில் தினமும் புழங்குவதால் நாம் கவனிப்பதில்லை. எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த வரிசை, ஒன்பதுக்கு வந்ததும் மாறிவிடும். ஒன்பது என்பதில் ‘பது’ வந்துவிடுகிறது. தொண்ணூறில் ‘நூறு’ வந்துவிடுகிறது. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ வந்துவிடுகிறது. அதாவது 9, 90, 900 மூன்றுக்கும் அடுத்த படியின் பெயர். ரோமானியர்களும் இதே மூன்று எண்களுக்கு அடுத்த படியின் எழுத்தைத்தான் எடுக்கிறார்கள். தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார். ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு என்று ஆவதற்குக் குற்றியலுகரப் புணரியலில் விதி எழுதி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“எண்ணுன்னதும் எங்க அப்பா நோட்டு ஞாபகம் வருது. அதுல எண்ணையே காணோம்னு நீங்கள்லாம் சொல்லுவீங்களே.”

அந்த நோட்டு எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பழைய பிஸ்கட் டின்னில், பாஸ்போர்ட்டுக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் அடியில் கிடப்பது. அம்மாவின் அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர். பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். இப்போது நாம் லெபோ பினாங்கு என்று சொல்லும் அதே தெரு. நோட்டில் ஒரு பக்கத்துக்குத் தலைப்பு ‘கப்பல் கடன்’. அதற்குக் கீழே எழுத்து எழுத்தாக ஒரு நீண்ட வரிசை. நடுவில் ‘அய’ என்று ஓர் இடம், ‘எய’ என்று ஓர் இடம். யாரோ அய்யா என்று தொடங்கும் பெயர்க்காரருக்குத் தாத்தா கப்பல் செலவுக்குக் கடன் கொடுத்திருக்கிறார், அந்த ஆள் திருப்பிக் கொடுத்தாரோ என்னவோ என்பது எங்கள் வீட்டுக் கதை. கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் சேர்ந்தால், “அந்த அய்யா குடும்பம் நமக்கு இன்னும் பாக்கி,” என்று சிரிப்பது வழக்கம்.

நோட்டைப் பிரித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவை எழுத்துகளே அல்ல. தமிழ் எண்கள். ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. இதில் ௧ ‘க’ மாதிரி இருக்கும், ௨ ‘உ’ மாதிரி, ௭ ‘எ’ மாதிரி, ௮ ‘அ’ மாதிரி, ௰ ‘ய’ மாதிரி. நாங்கள் அறுபது வருடமாகத் தேடிய ‘அய’ மனிதர் ௮௰. எண்பது.

எங்காவது இந்த எண்களை நானும் பார்த்திருக்கிறேன். மொரிசியஸ் ரூபாய்த் தாளில்கூடத் தமிழ் எண் உண்டு. ஆனால் சொந்த வீட்டு நோட்டில் இருந்தபோது அடையாளம் தெரியவில்லை.

“விடுங்க மாமா, அட்டவணையில எழுத்த மாத்தினாப் போதும்,” என்றான் மருமகன். பத்து வரி நிரல் தந்த தெம்பு. ரோமன் எழுத்துகளை எடுத்துவிட்டுத் தமிழ்க் குறிகளைப் போட்டான். 234 என்று கொடுத்தான். ௱௱௰௰௰௪ என்று வந்தது.

“எங்க அப்பா இப்படி எழுத மாட்டாரு,” என்றார் அம்மா. நோட்டில் அவர் கையெழுத்தில் வேறொரு பக்கத்தில் இருந்தது: ௨௱௩௰௪.

வித்தியாசம் அங்கேதான். ரோமன் முறை கூட்டிக்கொண்டே போவது. இருநூறு வேண்டுமென்றால் நூறை இரண்டு முறை எழுதும். தமிழ் முறை பெருக்குவது. எத்தனை நூறு என்பதை முன்னால் போட்டு, நூறை ஒரே முறை எழுதும். நாம் பேசுவதும் அப்படித்தான். இரண்டு நூறு, மூன்று பத்து, நான்கு. ரோமனில் பத்து எழுத்து கேட்ட 1786-க்கு இதில் ஆறு போதும்: ௲௭௱௮௰௬. 2008 என்றால் ௨௲௮. நடுவில் இல்லாத நூறையும் பத்தையும் எழுத வேண்டியதே இல்லை, ஆகவே சுழியமும் வேண்டியதில்லை. பன்னிரண்டாயிரம் என்றால் முதலில் பன்னிரண்டை எழுதி, அப்புறம் ஆயிரக் குறி: ௰௨௲. ஆயிரத்துக்கு முன்னால் வரும் எண்ணை எழுத நிரல் தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும். ரோமன் மாதிரி 3999-இல் நிற்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் அன்று அவன் கண்டுபிடித்தான். பைத்தான் மொழியிடம் ௧௨ என்று கொடுத்து, இதை எண்ணாக எடுத்துக்கொள் என்றால் மறுபேச்சின்றி 12 என்று எடுத்துக்கொள்கிறது. ௰ என்று கொடுத்தால் மட்டும் பிழை என்கிறது. யூனிகோடு தரத்தில் ௧ முதல் ௯ வரை இலக்கங்களாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ௰, ௱, ௲ மூன்றும் எண்மதிப்பு உள்ள குறிகள், ஆனால் இலக்கங்கள் அல்ல. தமிழ்ச் சுழியம் என்று ஒன்று யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல்தான். ஆகப் பத்தையும் நூறையும் கணினிக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாமாக் கடை ரொட்டிச்சானாயும் தேதாரேக்கும் முடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை வேலை தலைகீழ். தாத்தா எழுதியதை நிரல் படித்துச் சொல்ல வேண்டும்.

விதி எளிதுதான். இடமிருந்து வலமாகப் போ. இலக்கம் வந்தால் கையில் வைத்துக்கொள். ௰ அல்லது ௱ வந்தால், கையில் இருப்பதை அதனால் பெருக்கி மொத்தத்தில் சேர். கையைக் காலி செய். கடைசியில் கையில் மிச்சம் இருப்பதையும் சேர். பாட்டி ஒவ்வொரு வரியாக வாசிக்க, பேரன் தட்டச்சு செய்தான். “ங மாதிரி ஒண்ணு, அப்புறம் அந்த நூறு, அப்புறம் சு மாதிரி ஒண்ணு, ய.” அதாவது ௩௱௬௰. திரையில் 360.

அடுத்த வரி 352. அடுத்தது 344. பிறகு 336, 328, 320. எட்டு எட்டாகக் குறைந்துகொண்டே வந்தது. மாதம் எட்டு வெள்ளி கட்டிய கடனின் மீதிக் கணக்கு. ஏழாவது வரி ௩௱௰௨. திரையில் 302.

“கொள்ளுத் தாத்தா இங்க தப்பு பண்ணிட்டாரு. 312 வரணும்,” என்றான்.

“எங்க அப்பா கணக்குல தப்பு வராது,” என்றார் அம்மா. குரல் கொஞ்சம் உயர்ந்தது. “நீ உன்னோடத பாரு.”

பார்த்தோம். 45 வரிகளில் 15 வரிகள் இதே மாதிரி உதைத்தன. 312, 216, பிறகு 192-லிருந்து 104 வரை பன்னிரண்டு வரியும், கடைசிப் பக்கம் 16-ம். அத்தனையிலும் பத்தோ நூறோ ஒற்றையாக இருந்தது. தமிழில் பத்தை ‘ஒரு பத்து’ என்று எழுத மாட்டார்கள். ௰ என்றாலே பத்து, ௱ என்றாலே நூறு. முன்னால் ௧ போடுவதில்லை. எங்கள் நிரலோ முன்னால் இலக்கம் இல்லாததால் கையில் சுழியம் என்று எடுத்துக்கொண்டு, பத்தைச் சுழியத்தால் பெருக்கிவிட்டது. தாத்தா எழுதாமல் விட்ட ஒன்றை நாங்கள் ஒன்றுமில்லை என்று படித்திருக்கிறோம்.

ஒரே வரிதான் திருத்தம். கையில் ஒன்றும் இல்லையென்றால், ஒன்று என்று கொள். மறுபடி ஓட்டினோம். 360-லிருந்து 8 வரை, 45 வரியும் எட்டு எட்டாகப் பிசகாமல் இறங்கின. அதற்கடுத்த வரியில் எண் இல்லை. ‘கொடுத்துத் தீர்ந்தது’ என்று எழுதியிருந்தது.

“கொடுத்துத் தீர்ந்ததுன்னா?” என்றான் பேரன். “அப்ப தாத்தாதானே கட்டியிருக்காரு?”

நாங்கள் மூவரும் நோட்டின் மேலே குனிந்தோம். தலைப்புக்குக் கீழே, இதுவரை பெயர்ச் சுருக்கம் என்று நாங்கள் தாண்டிப் போன ஒரு வரி. ‘டிக்கெட்டு ௧, அரை டிக்கெட்டு ௨.’ அதற்குப் பக்கத்தில் ‘தை’ என்ற மாதம். பக்கத்தில் ௲௯௱௫௰௨. நிரலுக்குக் கொடுக்காமல் நானே படித்துவிட்டேன். 1952.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அரை டிக்கெட்டு ரெண்டு. நானும் எங்க அண்ணனும்.”

1951 கடைசியில், அம்மாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது, பாட்டி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியது எங்களுக்குத் தெரியும். அந்தக் கப்பலைத் தெரியாத பழைய குடும்பம் இங்கே இல்லை. 1926-இல் கட்டிய கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. ஆனால் அந்தப் பயணத்துக்குத் தாத்தா கடன் வாங்கினார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிட்டங்கியிலா, வெளியிலா, யாரிடம் வாங்கினார் என்றும் நோட்டில் இல்லை.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு ஒன்று. தாத்தா கையிறுக்கம். அம்மா சின்ன வயதுக் கதை சொல்லும்போதெல்லாம் வரும் ஒரு வரி: “பினாங்குக்கு வந்து மூணு தீபாவளிக்கு எனக்குப் புதுத் துணி கிடையாது. அடுத்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் உடுத்திட்டுப் போகும். எங்க அப்பா காசை எடுக்கவே மாட்டாரு.” நாங்களும் சிரித்துக்கொண்டே கேட்டு வளர்ந்தோம்.

பேரன் கணக்குப் போட்டான். 1952 தை மாதம் முதல் வரி. மாதத்துக்கு ஒரு வரியாக 45 வரி. 1952, 1953, 1954. மூன்று தீபாவளி. கடைசி எட்டு வெள்ளி தீர்ந்தது 1955-ஆம் வருடத் தீபாவளிக்கு முன்னால்.

“பாட்டி, அந்த வருஷம் துணி எடுத்தாங்களா?”

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. நோட்டில் ௮ என்று இருந்த கடைசி வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“பச்சைப் பாவாடை. சீட்டித் துணி. எங்க அப்பாவே கடைக்குப் போய் எடுத்துட்டு வந்தாரு. எனக்கு நீளமா இருந்துச்சு. மடிச்சுத் தைச்சுக் கொடுத்தாங்க எங்க அம்மா.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த வருஷம் மட்டும் ஏன் எடுத்தாருன்னு அப்ப நான் கேக்கல,” என்றார்.

அதற்கு மேல் நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. பேரன் நிரலைச் சேமித்து வைத்தான். கோப்புக்கு என்ன பெயர் என்று எட்டிப் பார்த்தேன். ‘கப்பல் கடன்’ என்று வைத்திருந்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கலாம். அதில் தாத்தாவோ பாட்டனோ எழுதிய நோட்டு இருக்கலாம். எழுத்துக்கு நடுவில் பொருள் புரியாத க, உ, எ, அ, ய வந்தால் பெயர்ச் சுருக்கம் என்று தாண்டிப் போகாதீர்கள். மொத்தம் பன்னிரண்டே குறிகள்: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯ ௰ ௱ ௲. பிள்ளைகளோடு உட்கார்ந்தால் ஒரு மாலையில் பழகிவிடலாம். வீட்டு எண்ணையும் பிறந்த வருடத்தையும் எழுதிப் பாருங்கள். நிரல் கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ரோமன் பயிற்சியை முடித்த கையோடு இதையும் எழுதச் சொல்லுங்கள். முதலில் அட்டவணையை மாற்றி எழுதித் தோற்றுப்போகட்டும். பிறகு பெருக்கலைக் கண்டுபிடிக்கட்டும். திருப்பிப் படிக்கும் நிரலை எழுதும்போது, தனியாக நிற்கும் ௰-வையும் ௱-வையும் மறக்காமல் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த ‘அய்யா’ கதைக்கு இப்போது வேலை இல்லை. போன வாரம் பெரிய மாமா தொலைபேசியில் அழைத்தபோது அம்மாவே சொன்னார்: “அண்ணே, அந்த அய்யா நமக்குப் பாக்கி இல்ல. நம்ம ரெண்டு பேருந்தான் பாக்கி.”